மூச்சு விடும் குழாய்

சிஹோவின் வீட்டார் ஒரு வீடு வாங்கினார்கள். இடிப்பதற்காகவே வாங்கினார்கள்.

ஜப்பானில் மியாசாகி பக்கம் இது புதிதல்ல. வெறும் மனை கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய வீட்டோடு மனையை வாங்குவார்கள், வீட்டை இடிப்பார்கள், புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். எல்லாருக்கும் அது சாதாரணம். பத்து வயது சிஹோவுக்குத்தான் பயம்.

"தன்னை இடிக்கப் போறாங்கன்னு அந்த வீட்டுக்குத் தெரியும். உன்னைத்தான் பாத்துட்டே இருக்கு" என்றான் அண்ணன் ரியோதா.

"சும்மா இரு."

"நான் என்ன செஞ்சேன்? வீடுதான் பாக்குது."

முதல் முறை போனபோது, சிஹோ வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. மரக்கதவுகள் மூடி, உள்ளே ஒரே இருட்டு. பூஞ்சை நாற்றம் வேறு. அதற்குப் பயந்து பின்பக்கம் போனாள். அங்கே புல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதிலிருந்து சத்தம் வந்தது.

ஹூ... ஊ...

வாசலுக்கு ஓடி வந்துதான் மூச்சு விட்டாள். அப்பா சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அங்க முன்னாடி கிணறு இருந்திருக்கு. மண்ணு போட்டு மூடிட்டாங்க. கிணத்துச் சாமிக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு குழாய் வச்சிருக்காங்க. வழக்கம்தானே."

"சாமி உள்ளயா இருக்கார்?"

"பூசாரி வந்து, உப்பும் அரிசி மதுவும் வச்சு, மரியாதையா வழியனுப்பியிருப்பாங்க. குழாய் வச்சிருக்காங்கன்னாலே எல்லாம் முறைப்படி செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த இடத்துலதான் நம்ம சமையலறை வரப் போகுது."

சமையலறைக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதை நினைத்து, அன்று சிஹோவுக்குச் சோறு இறங்கவில்லை.

இடிக்கும் நாள் வந்தது. வழக்கப்படி அக்கம்பக்கத்தில் வீட்டுக்கொரு துண்டு கொடுத்து, "சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்க" என்று அம்மா ஏற்கெனவே குனிந்து வணங்கிவிட்டு வந்திருந்தார். கடலில் புயல் இருப்பதாக வானொலி சொன்னது. வானம் கறுத்துத் தாழ்ந்து கிடந்தது. ஆனால் காற்றே இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை.

லாரியிலிருந்து மண்வாரி இயந்திரம் இறங்கியது. அதை ஓட்டும் இவாசே தலையில் துண்டு கட்டிய பருத்த மனிதர்.

"பின்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறேன் சார். அங்க ஒரு குழாய் நிக்குதே?" என்று கேட்டார்.

"பழைய கிணறு அண்ணே. முறைப்படி மூடினதுதான், பயமில்லை."

"குழாய் இருக்குன்னா சரிதான்" என்று இவாசேயும் தலையாட்டினார்.

அப்போது மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை நீளமாக, நிற்காமல் வந்தது. காற்றே இல்லையே, பிறகு ஊதுவது யார்?

பயத்தோடு பயமாக இன்னொரு கேள்வியும் வந்தது. போன வாரம் பால் தேநீர் குடிக்கும்போது அவள் உறிஞ்சுகுழலில் ஜவ்வரிசி உருண்டை அடைத்துக்கொண்டது. கன்னம் வலிக்க ஊதியும் காற்று வரவில்லை. கிணறு முழுக்க மண் இருந்தால், இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது?

போய்ப் பார்த்தால்தான் தெரியும். போகத்தான் கால் வரவில்லை. ஒரு அடி வைப்பாள், நிற்பாள். மறுபடி ஒரு அடி வைப்பாள். சாமி காலைப் பிடித்து இழுத்தால் கத்துவதற்குத் தயாராக வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

சட்டைப் பையிலிருந்த ஒரு மெல்லிய காகிதத்தைக் குழாயின் வாயில் நீட்டினாள். அது மேலே எழும்பிப் படபடத்தது. குழாய்க்குள் இருக்கும் காற்று மட்டும் என்றால் உடனே தீர்ந்திருக்கும். இது தீரவே இல்லை. கீழே பெரிய வெற்றிடம் இருக்கிறது.

பின்னால் மண்வாரி உறுமிக்கொண்டு வந்தது.

சிஹோவுக்கு இப்போது சாமி மறந்துபோயிற்று. கையை விரித்துக்கொண்டு வண்டிக்கு நேரே ஓடினாள்.

வண்டி நின்றது. அப்பா பதறி ஓடி வந்து இவாசேயைக் குனிந்து குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சிடுங்க அண்ணே. இது ஒரு பயந்தாங்கொள்ளி."

"ஆமாப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் சிஹோ. "ஆனா சாமிக்காக இல்ல. இந்த மாமா வண்டியோட உள்ள விழுந்துடுவார்னு பயமா இருக்கு. கிணத்துல மண்ணே இல்லப்பா. காத்து நிக்காம வருது, பாருங்க."

ரியோதா சிரித்தான். இவாசே சிரிக்கவில்லை. சிஹோ மறுபடி குழாயில் நீட்டிய காகிதம் படபடப்பதைக் குனிந்து பார்த்தார். வண்டியிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து வந்து, குழாய்க்குப் பக்கத்தில் எட்டி நின்று குத்தினார்.

கொஞ்சம் மண். பிறகு 'டொக்' என்று மரப்பலகை. இன்னும் ஓங்கிக் குத்தினார். பலகை முறிந்தது. கம்பி அவர் கையை விட்டு நழுவி உள்ளே போயே போய்விட்டது. எங்கோ அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"பலகை போட்டு, மேலே மண்ணைத் தூவி, குழாயை மட்டும் நட்டிருக்காங்க. புயல் நெருங்கும்போது காத்தழுத்தம் குறையும், அடியில அடைபட்ட காத்து இப்படி மேல வரும்" என்றார் இவாசே. அவர் முகம் வெளுத்திருந்தது. "இந்த வண்டி ஏறியிருந்தா..."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். ரியோதா சத்தமில்லாமல் தங்கையின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டான்.

புயல் வந்து போனது. பூசாரி வந்தார். லாரி லாரியாக மணல் கொட்டி, கிணற்றை உண்மையாகவே மூடினார்கள்.

மறுபடி வேலை தொடங்கும் காலையில், இவாசே வண்டியில் ஏறுவதற்கு முன் சிஹோவிடம் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, வேற எங்கயாவது பயமா இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

சிஹோ வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"கழிவறைல கொஞ்சம்" என்றாள்.

இவாசே கழிவறைக்குள் போய், மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.