நல்ல நாற்காலி எது?

வீட்டில் அவளுக்குக் கேள்விப்பெட்டி என்று பெயர். பள்ளிக்கூடத்திலும் அதே பெயர்தான். இரண்டு இடத்திலும் ஒரே பட்டம் வாங்குவது லேசுப்பட்ட காரியமா என்ன?

அவளுடைய அப்பா தச்சர். சித்தப்பா ஓவியர். இருவருக்கும் ஒரே பட்டறை. சித்தப்பா நாற்காலியை வரைந்து காட்டுவார். வந்தவர் தலையாட்டினால் அப்பா அதைச் செய்துவிடுவார். இருவருக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்து கேள்விப்பெட்டி வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அன்று மாலை அவள் வந்தபோது, பட்டறையின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது.

“இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு. நாளைக்கே பலகை வெச்சு அடைச்சிடறேன்” என்றார் அப்பா.

“தாராளமா அடைங்க அண்ணா!” என்றார் சித்தப்பா.

கோட்டின் பக்கத்தில் ஒரு புது நாற்காலி நின்றது. வளைந்த கைகளோடு பார்க்கவே ஜோராக இருந்தது. ஆனால் அதைச் செய்யச் சொன்ன தையல்கார அக்கா, தனக்குச் சரிப்படவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“படத்துல இருந்த மாதிரியே செஞ்சேன். ஒரு நூல்கூடப் பிசகல” என்றார் அப்பா.

“படத்தைப் பாத்து அவங்களே அசந்துபோனாங்க. என்மேல என்ன தப்பு?” என்றார் சித்தப்பா.

பலகை வைத்துவிட்டால் அவள் எந்தப் பக்கம் உட்காருவாள்? கேள்விப்பெட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுகையைக் கேள்வி முந்திக்கொண்டது.

“அப்பா, நல்ல நாற்காலின்னா என்ன?”

“ஆடாம அசையாம நிக்கணும்.”

“சித்தப்பா?”

“பாத்தா கண்ணை எடுக்க முடியக் கூடாது.”

“இதுல ரெண்டுமே இருக்கே! அப்புறம் ஏன் திரும்பி வந்துச்சு?”

அப்பா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “தெரியல.”

சித்தப்பா யோசனையில் தூரிகையால் காதைச் சொறிந்தார். காது நீலமானது. “எனக்கும்தான்.”

“அந்தக் காலத்துல கிரேக்க நாட்டுல இதையேதான் யோசிச்சாங்களாம், எங்க பாடத்துல இருக்கு. குழலை ஒருத்தர் வரையறாரு, ஒருத்தர் செய்யறாரு. ஆனா அது நல்ல குழலான்னு யாருக்குத் தெரியும்?”

“யாருக்கு?”

“வாசிக்கிறவருக்கு! நாற்காலியைத் தூக்குங்க, போகலாம்.”

தையல்கடை எதிர்வரிசையில்தான் இருந்தது.

“அக்கா, இதுல உக்காந்து கொஞ்சம் தைச்சுக் காட்டுங்களேன்.”

அக்கா உட்கார்ந்தார். நாற்காலியின் கைகள் மெஷின் பலகையில் முட்டின. எட்டித் தைக்க முதுகை வளைத்தார். துணியைத் திருப்பினார். முழங்கை ‘ணங்’கென்று இடித்தது.

“அழகுதான் கண்ணு. ஆனா, கையைச் சும்மா வெச்சுக்க எனக்கு ஏது நேரம்?”

“இந்தக் கைங்க இல்லன்னா?”

“அமோகமா இருக்கும்!”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“யாரு கேட்டா?”

அப்பா தம்பியைப் பார்த்தார். “நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன்டா.”

“நீங்க கேட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்.”

“அப்ப தப்பு யாருது? நீயே நியாயம் சொல்லு” என்றார் அப்பா மகளிடம்.

கேள்விப்பெட்டி கொஞ்சம் யோசித்தாள். “மூணு பேருதும். நானும் பக்கத்துலதானே இருந்தேன்? ஊரையெல்லாம் கேள்வி கேக்கறேன், அக்கா நாற்காலி வேணும்னு வந்த அன்னிக்கு வாயைத் திறக்கல.”

பட்டறையிலிருந்து ரம்பமும் வண்ணமும் வந்தன. அப்பா அங்கேயே அறுத்தார். கைகள் இரண்டும் கழன்றன. அறுத்த இடம் தெரியாமல் சித்தப்பா வண்ணம் பூசினார். அது காய்ந்ததும் அக்கா உட்கார்ந்து, ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “இதுதான் நாற்காலி!” என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அப்பா மிச்ச மரத்தைத் தட்டிப் பார்த்தார். “இவளுக்கு ஒரு ஸ்டூல் செய்யலாம்.”

“நான் வரையறேன்” என்று சித்தப்பா பென்சிலை எடுத்தார். சட்டென்று இருவரும் நிறுத்திவிட்டு, ஒரே குரலில் கேட்டார்கள்: “உனக்கு எப்படி வேணும்?”

“தெரியலையே! இருங்க, உக்காந்து எழுதிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவள் கோட்டின் மேலேயே நோட்டோடு உட்கார்ந்தாள். வெளிச்சம் போதவில்லை என்று நகர்ந்தாள். காற்று வரவில்லை என்று இன்னும் நகர்ந்தாள். கோட்டின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை உட்கார்ந்தபடியே நகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

அவளுடைய சீருடையின் பின்பக்கம் முழுக்க சாக்பீஸ் தூள். தரையில் கோட்டைக் காணவில்லை.