ஜன்னலில் கேட்ட "ஹை"

இருளாயியிடம் யாராவது "உன்னால் முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் செய்து பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. என்ன செய்வது, பிறவிக் குணம்.

அது 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் மாணவர்களுக்கு நான்கு வாரம் ஜப்பானிய மொழி சொல்லித்தருவதாக அறிவித்திருந்தார்கள். பதினான்கு வயது இருளாயி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அவளுடைய தோட்டத்துத் தோழன் அர்ச்சுனன் பெயரையும் அவளே எழுதிவிட்டாள்.

"ஏய், எனக்கு எதுக்கு ஜப்பான் பாஷை?" என்று அர்ச்சுனன் அலறினான்.

அவளுக்குக் காரணம் இருந்தது. இருவரும் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் நேராக முதல் படிவத்தில் உட்கார முடியாது. மலாய் மொழிக்காக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் அதற்கு வைத்த பெயர் "மக்கு வகுப்பு". அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இருளாயிக்குக் காது மடல் வரை எரியும்.

"யோசிச்சுப் பாருடா," என்றாள் அவள். "ஜப்பான் பாஷைல டவுன் பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, நம்பளுக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கிறோம். யாரு மக்குன்னு பாத்துருவோம்லா!"

அர்ச்சுனனுக்கு அது பிடித்துப் போயிற்று.

வகுப்பில் மொத்தம் இருபது பேர். பாடம் நடத்தியவர் மோரி டீச்சர். ஜப்பானிலிருந்து வந்தவர், குட்டையானவர், எப்போதும் சிரித்த முகம். வகுப்பை ஏற்பாடு செய்தவர் சதாசிவம் சார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தினமும் இரண்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவார். வந்திருப்பவர்கள் ஜப்பானிய மொழியில் "ஹை!" என்று சொல்ல வேண்டும்.

சாரிடம் இரண்டு விதிகள் இருந்தன. மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் பெயர் வெட்டப்படும். பெயர் வெட்டப்பட்டவர் கடைசி நாள் தேர்வு எழுத முடியாது. ஏமாற்றினால் அன்றைக்கே பெயர் வெட்டப்படும்.

முதல் வாரம் நன்றாகப் போனது. காலையில் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து ஓடி வருவாள் இருளாயி. எவ்வளவு சோப்பு போட்டாலும் ரப்பர் பால் வாடை முழுதாகப் போகாது. முன் பெஞ்சில் உட்காரும் விசாலி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். விசாலியின் அப்பாவுக்கு ஈப்போவில் துணிக்கடை.

"தோட்டத்து வாடை," என்று விசாலி தோழியிடம் கிசுகிசுத்தாள்.

"ஆமா, தோட்டத்துலேருந்துதான் வாரேன். பூக்கடையிலேருந்தா வாரேன்னு சொன்னேன்?" என்றாள் இருளாயி. அவள் கிசுகிசுக்கவில்லை.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை வினை வந்தது. அர்ச்சுனனின் அப்பாவுக்குக் காலில் முள் குத்திவிட்டது. பால் வாளிகளை அவன் தூக்க வேண்டியதாயிற்று. "அடுத்த பஸ்ல வந்துருவேன். நோட்டைக் கொண்டு போ," என்று அவளிடம் கொடுத்து அனுப்பினான்.

"அர்ச்சுனன்!" என்று கூப்பிட்டார் சார்.

"ஹை!" என்றாள் இருளாயி.

சார் தலை நிமிர்ந்தார். அந்தப் பள்ளிக்கு வந்த மூன்று வருடத்தில், பெயர் கூப்பிடும்போது அவர் முதல் முறையாக நிமிர்ந்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"அர்ச்சுனன் எங்கே?"

"பஸ்ல வந்துக்கிட்டு இருக்கான் சார்."

"அப்படியானால் 'ஹை' சொன்னது யார்?"

"நான்தான் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாரின் முகம் சிவந்தது. "வராதவன் வந்தான் என்று சொல்வது ஏமாற்று வேலை!"

இருளாயிக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். யாராவது வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பார். அவர் வந்து சேரும் வரைக்கும் அவருடைய மரங்களையும் குரல் கொடுத்தவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்தில் அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை.

"ஏமாத்தணும்னா அவன் குரல் மாதிரி சொல்லியிருப்பேனே சார். என் குரல்லதானே சொன்னேன்? அவனுக்கும் சேத்து நான் பாடம் எழுதுவேன். ரெண்டு நோட்டு கொண்டாந்திருக்கேன், பாருங்க!"

இரண்டு நோட்டுகளையும் தூக்கிக் காட்டினாள். சார் பார்க்கவில்லை. சிவப்பு மையால் இரண்டு பெயர்களையும் சரக் சரக்கென்று வெட்டினார்.

மூச்சிரைக்க ஓடி வந்த அர்ச்சுனன் வாசலிலேயே நிறுத்தப்பட்டான். இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள்.

"சரி, விடு. நம்ப ஜப்பானுக்கா போகப் போறோம்?" என்றான் அர்ச்சுனன்.

"விட மாட்டேன்," என்றாள் இருளாயி. அவள் கண்களில் நீர் முட்டியது. அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "தப்பு செஞ்சிருந்தா நானே போயிருப்பேன். நாளைக்கும் வாரேன். நீயும் வா!"

மறுநாள் இரண்டு மணிக்கு வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், இரண்டு தலைகள் தெரிந்தன. சார் பதினெட்டுப் பெயர்களையும் கூப்பிட்டுப் பதிவேட்டை மூடினார்.

உடனே ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருளாயி! ஹை!"

தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அடுத்து "அர்ச்சுனன்... ஹை," என்று இன்னொரு குரல் கொஞ்சம் பயந்துகொண்டே கேட்டது.

சார் ஜன்னலுக்கு வந்தார். "உங்களைத்தான் நீக்கியாகிவிட்டதே!"

"வகுப்புலேருந்துதானே நீக்குனீங்க சார்? நாங்க வராந்தாவுலதானே நிக்கிறோம்."

சார் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். வராந்தாவில் நிற்கக் கூடாது என்று விதி எதுவும் அவர் எழுதவில்லை. விதியில் இல்லாததை அவர் செய்யவும் மாட்டார்.

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. மழைச்சாரல் அடித்தது, கால் வலித்தது. ஜன்னல் கட்டைமேல் நோட்டை வைத்து எழுதினார்கள். மோரி டீச்சர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சக்கரம் வைத்த கரும்பலகை ஒவ்வொரு நாளும் ஒரு முழம் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சார், "விசாலி!" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

"விசாலிக்குப் பொன்னுக்கு வீங்கி சார். கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு," என்றாள் அவள் தோழி.

சார் பேனாவை எடுத்தார். இருளாயிக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. ஒரு பெயரைக் கூப்பிட்டு யாருமே குரல் கொடுக்காமல் இருப்பதா? மூக்கைப் பொத்தியவள்தான், கேலி செய்தவள்தான். அதற்காக?

"ஹை!" என்றாள் ஜன்னலிலிருந்து. "விசாலி வரல சார். வரலன்னே எழுதிக்குங்க. ஆனா அவ பாடத்தை நான் பாத்துக்கிறேன்!"

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அர்ச்சுனன் அவள் காதைக் கடித்தான். "அவ உன்னை என்னவெல்லாம் சொன்னா!"

"அது வேற, இது வேற. குரல் கொடுத்தாச்சு. இனிமே எழுதித்தான் ஆகணும்."

அன்று முதல் தினமும் தனித் தாள்களில் பாடத்தை எழுதினாள். விசாலிக்குப் புரிய வேண்டுமே என்று குடை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குடைப் படமும், மணி கேட்கும் பாடத்துக்குக் கடிகாரப் படமும் வரைந்தாள். கடிகாரம் கொஞ்சம் தோசை மாதிரி வந்தது. வகுப்பு முடிந்ததும் துணிக்கடைக்குப் போய், விசாலியின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இப்படி நான்கு நாள்.

வெள்ளிக்கிழமை விசாலி வந்தாள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். சார் பதிவேட்டைப் பார்த்தார்.

"நான்கு நாள் வரவில்லை. மூன்று நாள்தான் விதி. விசாலி, உன் பெயரையும் வெட்ட வேண்டியதுதான்."

சிவப்புப் பேனா மூடி திறக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"வெட்டாதீங்க சார்!" ஜன்னல் கட்டையைப் பிடித்து எக்கி நின்றாள் இருளாயி. "ஆளுதான் நாலு நாள் வரல. பாடம் ஒண்ணும் போகல. வேணும்னா கேட்டுப் பாருங்க. ஒண்ணு தப்பா சொன்னாலும் நான் வராந்தாவ விட்டே போயிருறேன்!"

அர்ச்சுனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சார் யோசித்தார். மோரி டீச்சர் காத்திருக்கவில்லை. தன் குடையைத் தூக்கிக் காட்டி ஜப்பானிய மொழியில் கேட்டார். விசாலி பதில் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டார். அதற்கும் சொன்னாள். பழங்களின் விலை, கிழமைகள், குடும்பத்தார் பெயர்கள், எல்லாவற்றையும் சொன்னாள். கிழமைகளில் ஒரு முறை திக்கினாள். பிறகு அதையும் சரியாகவே சொல்லி முடித்தாள். மோரி டீச்சர் கை தட்டினார்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் சார்.

விசாலி பையிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். தோசைக் கடிகாரம் மேலே இருந்தது.

"அவதான் சார். தெனமும் எங்க கடைக்குக் கொண்டாந்து கொடுத்தா." விசாலி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். "நான் உள்ளே உக்காரணும்னா அவங்க ரெண்டு பேரும் உள்ளே உக்காரணும். இல்லேன்னா என் பேரையும் வெட்டிருங்க. எனக்கும் வராந்தா போதும்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சார் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அன்றைக்கு இரண்டு நோட்டு காட்டினாயே," என்றார் இருளாயியிடம். "நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் வெட்டியது என் தப்பு."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். நீலப் பேனாவை எடுத்து, விசாலியின் பெயருக்கு நேரே 'தொடரலாம்' என்று எழுதினார். பட்டியலின் அடியில் இரண்டு பெயர்களைச் சேர்த்தார்.

"ஆனால் ஒன்று. இனிமேல் யாராவது யாருக்காகவாவது 'ஹை' சொன்னால், எழுதிய நோட்டை என்னிடம் காட்ட வேண்டும். இது புது விதி."

"காட்டுறோம் சார்!" என்ற இருளாயி, வாசல் வழியாகச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் ஜன்னல் வழியாகவே உள்ளே குதித்தாள். விசாலி தன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். கைக்குட்டை பைக்குள்ளேயே இருந்தது.

தேர்வுக்கு முதல் நாள் மழை கொட்டியது. அர்ச்சுனன் இப்போதெல்லாம் முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவான். அம்மாவுக்குப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த இருளாயியின் பஸ் வழியில் தண்ணீரில் நின்றுவிட்டது. கடைசிப் பாடம், தேர்வுக்கான பாடம்! இறங்கி மீதித் தூரத்தை ஓடியே வந்தாள். வாசலில் போய் நின்றபோது மணி மூன்றரை. பாவாடை முட்டிவரை சேறு.

"வா," என்றார் சதாசிவம் சார். "உன் பெயரைக் கூப்பிட்டேன். ஒரே சத்தம். யார் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை."

இருளாயி தன் இடத்துக்குப் போனாள். மேசைமேல் அன்றைய பாடம், பத்தொன்பது பேர் கையெழுத்தில், பத்தொன்பது பிரதியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.