ஹாஜிர்

ரோகிணி எண்ணை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அலமாரிகளுக்கு நடுவிலிருந்து "ஹாஜிர்" என்று பதில் வந்துவிட்டது.

சலீமுக்கு டீ குடிக்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டு திரையில் டிக் போட்டாள். அடுத்த எண்ணுக்கு வாயைத்தான் திறந்தாள். அதற்கும் "ஹாஜிர்" வந்தது.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு இப்படித்தான் நடக்கும். ஒருவர் மேசையில் உட்கார்ந்து புத்தகத்தின் எண்ணைக் கூப்பிடுவார். இன்னொருவர் அலமாரியில் அதைத் தொட்டுப் பார்த்து "ஹாஜிர்" என்பார்; நம் ஊர் 'ஆஜர்'தான் அது. ஹைதராபாத் ஊருக்குள் ஒரு நவாபின் குதிரை லாயத்தில் நூலகம் வாடகைக்கு இருந்த காலத்து வழக்கம். லாயத்தில் குதிரைகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். பதில் சொன்னது குதிரைகளா குதிரைக்காரர்களா என்பதில் மட்டும் இரண்டு கட்சி உண்டு. புத்தகம் இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. பேசாமல் நிற்கவேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் தொலைந்ததாகக் குறித்துக்கொள்ளலாம். அப்படி யாரும் குறித்ததே கிடையாது. நூலகம் பிறந்ததிலிருந்து ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை.

பொன்விழா மலருக்கு இந்த வரலாற்றை எழுதுகிற வேலை ரோகிணியின் தலையில்தான் விழுந்திருந்தது. லாயத்துச் சாணி வாசனையோடு லாரியேறி வந்த புத்தகங்களைப் பற்றி எழுதினாள். வளாகத்துப் பாறைக்கு வெடிவைத்த பொறியாளரைப் பற்றி எழுதினாள்; பாறை அசையவில்லை, அவருக்குத்தான் காது போயிற்று. கடைசியில் பாறையை நடுவில் விட்டுவிட்டு அதைச் சுற்றியே கீழ்த்தளத்தைக் கட்டியதையும், சரிபார்ப்புக்கென்று வாங்கிய மின்னணுக் கருவி அந்தப் பாறையைக் கண்டாலே அணைந்துபோவதையும் எழுதினாள். பணி நிறைவு விழாவுக்கு வராமலே போன சில ஊழியர்களை மட்டும் விட்டுவிட்டாள். சரிபார்ப்புக்குக் கீழே இறங்கியவர்கள் அவர்கள். வேலை பிடிக்காமல் போய்விட்டார்கள் என்பது மேலிடத்து விளக்கம். சம்பந்தம் என்றொருவர் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் போயிருந்தார். அவருக்கு வாங்கிய சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது.

இந்த ஆண்டு ஒரு புத்தகத்தைக் காணவில்லை. ஐந்நூற்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு எட்டு. தக்காணத்து ஏரிகளைப் பற்றிய பழைய புத்தகம். அது இருந்த இடம் அப்படியே இடைவெளியாக நின்றது. இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் அதன்மேல் சரியாமல் நேராக நின்றன, பஸ்ஸில் யாருக்கோ இடம் போட்டு வைத்ததுபோல.

அடுத்த எண்ணைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரோகிணி யோசித்துக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த இண்டர்காம் அடித்தது.

"மேடம், சலீம் பேசறேன். உஸ்மானியா பிஸ்கட்டா, சமோசாவா?"

"எங்கே இருக்கீங்க?"

"கேன்டீன்ல. சொல்லிட்டுத்தானே வந்தேன்? நீங்ககூடத் தலையாட்டினீங்களே. ரூல் பிரகாரம் கதவைப் பூட்டிட்டு வந்தேன், கைக்கு மேடம், எதுக்கு டென்ஷன்?"

"அப்போ இங்கே யாரு ஹாஜிர் சொல்றது?"

"நக்கோ மேடம், நக்கோ. நான் பயந்தாங்கொள்ளின்னு எங்க வீட்டு ஆட்டுக்கே தெரியும். என்கிட்ட இந்த விளையாட்டு வேணாம்."

"சலீம். வந்து கதவைத் திறங்க. என்னை வெளியே விடுங்க."

அவன் சிரிப்பு நின்றது. "ஹவ் மேடம், சரி. இதோ ஓடி வரேன்."

ரோகிணி ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். கூப்பிட்டால்தானே பதில் வரும், வாயை மூடிக்கொண்டு கம்பிக் கதவுவரை போய்விட்டால் போதும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, பூச்சி உருண்டையும் காய்ந்த பசையும் மக்கிய தோலும் கலந்த அந்தக் காற்றை அளவாக இழுத்து விட்டபடி, ஆள் நடந்தால் எரிந்து ஆள் போனால் அணையும் விளக்குகளின் கீழே அலமாரி அலமாரியாகக் கடந்து நடந்தாள். பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் வேறொரு வாசனையும் வந்தது. குதிரை வாசனை. ஈரமான, உயிருள்ள, அண்மையிலிருக்கும் குதிரை வாசனை.

அவள் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. அவள் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

கையை வீசிப் பார்த்தாள். எரியவில்லை. விளக்கைப் பொறுத்தவரை அங்கே ஆளே இல்லை.

அவள் விட்டுவந்த மேசையிலிருந்து யாரோ ஓர் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

சலிப்பான குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். அலமாரிகளுக்குள்ளிருந்து அதற்குப் பதில் வந்தது. "ஹாஜிர்." கிழட்டுக் குரல். அடுத்த எண். "ஹாஜிர்." ஒரு பெண், இருமிக்கொண்டே. அடுத்த எண். அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்த தட்டிலிருந்து, மூக்கடைப்போடு, மலருக்காக அவள் திரும்பத் திரும்பக் கேட்ட பழைய ஒலிப்பதிவில் இருந்த அதே சம்பந்தத்தின் குரல்: "ஹாஜிர்."

ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐந்நூற்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு எட்டு."

பதில் இல்லை.

நாற்காலி நகர்ந்தது. குரல் எழுந்து நடந்து வந்தது. "ஐந்நூற்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு எட்டு."

யாரும் பேசவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அலமாரிகள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் போதும். இன்னும் ஒரே ஒரு முறை. தொலைந்ததாகப் போகட்டும். தொலையட்டும்.

மூன்றாவது முறை. காதருகில். கெஞ்சலே இல்லாமல்.

அவள் மூச்சு விடவில்லை.

தூரத்தில் சாவி சத்தம். கம்பிக் கதவு கிறீச்சிட்டது. வெளிச்சம். வராந்தாவின் வெளிச்சம், சாயங்கால வெளிச்சம். சலீமின் செருப்புச் சத்தம், சலீமின் மூச்சிரைப்பு, நிஜமான சலீமின் நிஜமான குரல்.

"ரோகிணி மேடம்!"

காலையெல்லாம் சலீம் மேசையில் உட்கார்ந்து கூப்பிட, அலமாரியில் நின்று பதில் சொன்னவள் அவள்தான். ஒரு வாரமாக அப்படித்தான், முறை மாற்றி முறை மாற்றி. கூப்பிட்டதும் நாக்கு தானாக எழுந்தது. மனசு எட்டிப் பிடிப்பதற்குள் போய்விட்டது.

"ஹாஜிர்!"

சுற்றிலும் ஒரு பெருமூச்சு. திருப்தியான பெருமூச்சு.

விளக்குகள் எல்லாம் எரிந்தன. சலீம் நேராக அவளை நோக்கி வந்தான். "மேடம்? எங்கே இருக்கீங்க? இப்பத்தானே குரல் கேட்டுச்சு?" அவன் அவள் முகத்துக்கு எதிரே நின்று அவளைத் தாண்டிப் பார்த்தான். கையை உயர்த்தப் பார்த்தாள். கை இல்லை. இடமும் இல்லை. இடது பக்கம் ஒருவர் நெருக்கினார். வலது பக்கம் ஒருவர் நெருக்கினார். இரண்டு பேரும் நேராக நின்றார்கள்.

சலீமின் கண்கள் கீழே இறங்கின. முகம் மலர்ந்தது.

"மேடம், கிடைச்சிருச்சு! இதோ இங்கேயேதான் இருக்கு. நாமதான் குருட்டுப் பசங்க மாதிரி..."

அவன் ஆள்காட்டி விரல் அவள் உச்சந்தலையில் ஊன்றி அவளை முன்னால் சாய்த்து உருவியது. அவன் கை சூடாக இருந்தது. சரியான புத்தகம்தானா என்று பார்க்க, வழக்கம்போல, கட்டைவிரலை நாக்கில் நனைத்துக்கொண்டு, அவளை நட்டநடுவில் விரித்தான்.