வெந்ததும் வெளுத்த சாயம்

திங்கள், காலை 9.10. இறைச்சி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டியின் பூட்டு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை ஆலையின் பரிசோதகி சீல் வைத்த பன்னிரண்டு சாசேஜ் பொட்டலங்களும் எண்ணிக்கை குறையாமல் உள்ளே இருந்தன. சீல் மேலிருந்த கையெழுத்து மட்டும் அவளுடையது அல்ல.

அவள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போலீசுக்குப் போன் செய்தாள்.

10.05. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து நின்றதும் கேட்டார்:

"பொட்டலத்துல என்ன?"

"பள்ளிக்கூடங்களுக்குப் போற சரக்கு மேடம். கறி கெடாம இருக்க நைட்ரைட் உப்பு போடுவாங்க. அதுல அனுமதிச்ச அளவைப்போல நாலு மடங்கு இருந்துச்சு. வயித்துக்குள்ள போனா அது வேற பொருளா மாறும். தினமும் தின்னா குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும். இன்னைக்கு மூணு மணிக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க எடுத்துட்டுப் போறதா இருந்தாங்க."

"இப்ப உள்ள இருக்கறது?"

"சோதிச்சுட்டேன். துளிகூட நைட்ரைட் இல்ல."

குளிர்பெட்டிச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. பரிசோதகி, மேலாளர், மாவரைப்பது போல இறைச்சியை அரைத்து உப்புக் கலக்கும் 'உப்புக்காரர்'.

11.30. உப்புக்காரர் நெளிந்தார். "அளவு சொல்றது மேலாளர் ஐயா. போடறது நான். சனிக்கிழமை சாயங்காலம் மெஷினைக் கழுவிட்டுப் போயிடுவேன். அப்புறம் ஐயா ஓட்டிப் பாப்பார்."

"காலி மெஷினையா?"

"அதை நான் கேக்கலைங்க."

12.15. மேலாளர் தன் அறையில் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். ரொட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சாசேஜ் துண்டுகள்.

"கீரையிலகூடத்தான் நைட்ரேட் இருக்கு, இதே இன உப்புதான். கீரைக்காரியையும் பிடிப்பீங்களா?"

"கீரையில அது கெடுதலா மாறாம தடுக்கற சத்தும் கூடவே இருக்கு சார்," என்றாள் பரிசோதகி. "கறியோட சேர்ந்தாத்தான் வினை."

மேலாளர் அவளைப் பார்க்கவேயில்லை. "மேடம், இவங்க அக்கா வீட்டுக்காரர் இங்க வேலை பாத்தவர். புற்றுநோய்ல போயிட்டார். அந்த ஆத்திரத்துல கதை கட்டறாங்க."

அவள் அவர் மேசைக்கு நேரே வந்து நின்றாள். "இதனாலதான் போனார்னு நான் என்னைக்காவது சொன்னேனா? எந்த டாக்டராலயும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்துலதானே நீங்க உப்பைக் கொட்டறீங்க?"

இன்ஸ்பெக்டர் எழுந்து இருவரையும் அழைத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனார். தொழிலாளிகளின் தட்டுகளில் ரோஜா நிறச் சாசேஜ்.

12.50. அவர் சொன்னபடி சமையல்காரர் இரண்டு சாசேஜை ஒரே பானையில் வேகவைத்தார். ஒன்று ஆலையில் அன்று செய்தது. மற்றது குளிர்பெட்டியில் இருந்தது. பச்சையாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெந்ததும் முதலாவது சிவந்தே நின்றது. இரண்டாவது சாம்பலாகிவிட்டது.

"நைட்ரைட் போட்டா வெந்தாலும் நிறம் போகாது. போடலைன்னா இப்படித்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "திருடன் அளவோட போட்டதை வச்சிருந்தா தப்பிச்சிருப்பான். சுத்தமாவே இல்லாததை வச்சுட்டான். அந்த மாதிரிச் சரக்கு இந்த ஆலையில விக்கறதே இல்ல. சனிக்கிழமை, யாரும் இல்லாதப்ப, ஒரு வீட்டுக்கு மட்டும் தயாராகுது." மேலாளர் பக்கம் திரும்பினார். "உங்க டப்பாவை எடுத்துட்டு வரட்டுமா சார்?"

மேலாளரின் முகம் இறங்கியது. "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க மேடம்..."

"பள்ளிக்கூடத்துல யாருய்யா இருக்கா?" கேண்டீன் அதிர்ந்தது. "உம் பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே ஊரார் பிள்ளைக்கு நாலு மடங்கு ஊட்டுனியா?"

பள்ளிகளுக்குக் கிளம்ப நின்ற லாரியை வாசலிலேயே மறித்தார்கள். அதிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு பொட்டலம் எடுத்து, பரிசோதகியும் இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டார்கள். 3.40க்கு அதிகாரிகள் முன்னாலேயே முடிவு வந்தது. நாலு மடங்கு.

மேலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு உப்புக்காரர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"இருபது வருசமா கேண்டீன்லதான் சாப்பிடறேன் தங்கச்சி. எனக்கு என்ன ஆகும்?"

அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"தெரியலண்ணே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வர்றேன்."