கழற்றிய கார்டைக் காணோம்!

"ஐயய்யோ...! போச்சு!"

அலறல் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் மனைவி. கையில் கரண்டி.

அலமாரி முன்னால் சிலையாக நின்றிருந்தான் கணவன். சினிமா டிரெய்லர் எடிட்டர்.

மேஜை மேல் கம்ப்யூட்டர். வயிற்றைத் திறந்து போட்டிருந்தது. உள்ளே, நேற்று மாட்டிய, திரையில் படம் ஓட்டும் புத்தம்புது கிராஃபிக்ஸ் கார்டு... கருகிக் கிடந்தது!

"புதுசு புகைஞ்சு போச்சுடி! பழசையே மாட்டலாம்னு பார்த்தா... காணோம்!"

"அதை நீங்கதானே நேத்து குப்பைன்னு சொன்னீங்க?"

"வாய் சொல்லும்! ஆத்திர அவசரத்துக்கு ஆகும்னுதானே அலமாரியில வெச்சேன்? பன்னிரண்டுக்குள்ள டிரெய்லர் போகலைன்னா அடுத்த படம் எனக்கில்ல!"

மணி பத்தேகால்.

"கீழ் வீட்டு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடறேன்!"

"போலீஸ் எல்லாம் எதுக்குங்க...?" அவள் கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

அவன் காதிலேயே வாங்கவில்லை.

லீவில் இருந்த இன்ஸ்பெக்டர் பனியனோடு படியேறி வந்தார். அலமாரியை முகர்ந்தார்.

"பூட்டு உடையலை. உள்ளாள் வேலை! அது மேல யாருக்குக் கண்ணு?"

எடிட்டரின் விரல் சோபா பக்கம் நீண்டது. அங்கே மனைவியின் தம்பி!

"இவன்தான் சார்! 'பழசை எனக்குக் குடுங்க மாமா'ன்னு நேத்துப் பூரா உயிரை வாங்கினான்!"

"கேட்டேன் மாமா... எடுக்கலை! அக்கா மேல சத்தியம்!"

"அவ மேல ஏண்டா? உன் தலை மேல பண்ணு!"

இன்ஸ்பெக்டர் அவன் காலரைக் கொத்தாகப் பற்றினார்.

"என்கிட்டேயே கதையா? ஒரு ஃபேன் சுத்தாத அந்த ஓட்டைக் கார்டை எவன் தலையிலடா கட்டினே?"



எடிட்டர் மெல்லத் திரும்பினான்.

"சார்... ஒரு ஃபேன் சுத்தாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

காலரைப் பிடித்த கை தளர்ந்தது. நெற்றியில் குபீர் வியர்வை!

"நான்தாங்க குடுத்தேன்!" மனைவி வெடித்தாள். "சார் பழைய கார்டு இருக்கான்னு கேட்டார். நீங்கதான் குப்பைன்னீங்களே... தூக்கிக் குடுத்துட்டேன்! நீங்க போட்ட கூச்சல்ல சொல்லவே பயமாயிடுச்சு!"

"கேஸ் வீடியோ பார்க்கணும்மா... கடமை!" என்றார் இன்ஸ்பெக்டர், கூரையைப் பார்த்தபடி.

தம்பி காலரை நீவிக்கொண்டான். "யாரு முதல்ல மன்னிப்புக் கேக்கறீங்க? வரிசையில வாங்க!"

யாருக்கும் நேரமில்லை. கீழே ஓடி, கழற்றி, மேலே ஏறி, மாட்டி... பழைய கார்டு ஒற்றை ஃபேனோடு மூச்சிரைத்தது.

11.58. டிரெய்லர் போய்ச் சேர்ந்தது!

"சாரி மச்சான்..." எடிட்டர் தம்பியின் தோளை அணைத்தான்.

இன்ஸ்பெக்டர் மட்டும் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"எடிட்டர் தம்பி... கடையில புது கார்டை மாத்திக் குடுத்ததும், இதை எனக்கே திருப்பித் தந்துடுவீங்கதானே?"

"அவ்வளவு அவசரமா? எந்தக் கேஸ் சார்?"

இன்ஸ்பெக்டர் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கேஸாவது ஒண்ணாவது! கம்ப்யூட்டர் கேம் தம்பி... பாங்க்கைக் கொள்ளையடிச்சிட்டு மூட்டையோட நடுரோட்டுல நிக்கறேன்... பின்னாலேயே போலீஸ் துரத்துது!"