ஒன்பதரை மணி ஸ்கேன்

காலை 8.20. கல்லங்குறிச்சியில் வீட்டுக் கொல்லைக் கிணற்றிலிருந்து கவியாவைத் தூக்கினார்கள். வயது இருபத்தாறு. வெளியூருக்குக் கிளம்பியவள் போல நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"வயித்துவலி மேடம். மூணு வருஷமா ஆறு டாக்டரப் பாத்தாச்சு," என்றான் புருஷன் தர்மன். "ஏழரைக்கு ஒன்னுக்குப் போயிட்டு வரேன்னு கொல்லைக்குப் போனா. விழுந்துட்டா."

பெண் செத்தால் 'தீராத வயிற்றுவலி' என்று எழுதி ஃபைலை மூடுவது ஸ்டேஷன் வழக்கம். இன்ஸ்பெக்டர் சிந்தாமணிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் எரித்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

தர்மனின் அக்கா மகள் மஞ்சு, தன் வீடு போல எல்லாருக்கும் காபி கொடுத்தாள். கவியாவின் அம்மா பாப்பாயி அதை வாங்கவில்லை.

"சின்ன வலிக்கும் ஊரக் கூட்டுவாம்மா. நடிக்கிறான்னு நானே ரெண்டு தடவ புருஷன் வூட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டேன்," என்றாள்.

சிந்தாமணி மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். குடல், சிறுநீரகம், முதுகெலும்பு என்று ஆறு டாக்டர்கள். பெண்கள் டாக்டர் ஒருவர்கூட இல்லை.

"டாக்டர்கிட்ட யாரு பேசுவா?"

"நான்தான். அவளுக்கு விவரம் பத்தாது," என்றான் தர்மன்.

பகல் 12.10. அரியலூர் பிணவறை.

"தலையில கல்லால அடிச்ச காயம். கர்ப்பப்பையில, புள்ள உண்டாகாம இருக்க வைக்கிற காப்பர்-டி சதைக்குள்ள ஏறிக் கிடக்கு," என்றார் டாக்டர். "அதான் வலி. பெண்கள் டாக்டர் பாத்திருந்தா அன்னிக்கே எடுத்திருப்பாங்க. இன்னொன்னு, மூத்திரப்பை முட்ட முட்ட நெறஞ்சிருக்கு."

பகல் 1.00. கவியா கடைசியாக போன் பண்ணியது பெரம்பலூரில் ஒரு பெண்கள் டாக்டருக்கு.

"இன்னிக்கு ஒன்பதரைக்கு ஸ்கேன் மேடம்," என்றாள் வரவேற்பில் இருந்தவள். "நெறய தண்ணி குடிங்க, ஒன்னுக்கு மட்டும் போயிடாதீங்கன்னு போன்ல சொன்னேன். வூட்டுக்காரர் நம்பருக்கு நேரத்த மட்டும் மெசேஜ் போட்டோம்."

பகல் 2.30. கல்லங்குறிச்சி வீட்டில் சிந்தாமணி தர்மனை எதிரே நிறுத்தினார்.

"ஸ்கேனுக்காகத் தண்ணி குடிச்சு அடக்கிட்டிருந்தவ, ஒன்னுக்குப் போறேன்னு சொல்வாளா? அடக்கணும்ங்கிறது உனக்கு வந்த மெசேஜ்ல இல்ல. அதான் உனக்குத் தெரியல."

சிந்தாமணி ஒரு பழைய சீட்டை அவன் முன்னால் நீட்டினார்.

"மூணு வருஷம் முன்ன கரு கலைஞ்சப்ப, மயக்கத்துல கெடந்தவளுக்குக் காப்பர்-டி வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீ. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு உன் பீரோவுல கெடைச்சுது. புள்ள இல்லன்னு சொல்லி மஞ்சுவக் கட்டணும். அதுக்காக வலிக்கிற எடத்த விட்டுட்டு ஊர்ல உள்ள டாக்டர் எல்லார்கிட்டயும் காட்டுன. இன்னிக்கு அவளே சரியான டாக்டரக் கண்டுபிடிச்சிட்டா. அடிச்சுத் தள்ளிட்ட."

"காலம் பூரா மொனகிட்டுக் கெடந்தவ மேடம்," என்றான் தர்மன். குரலில் வருத்தம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "எந்த ஆம்பள தாங்குவான்?"

விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள். வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற பாப்பாயி, சிந்தாமணியின் கையைப் பிடித்தாள்.

"அம்மா... அப்ப எம் பொண்ணுக்கு நெசமாவே வலிச்சுதா?"