தாகம் தீர்த்தவன் காலடியில்

"என் வீட்டுக்காரரை ஏரியில தேடிக்கிட்டு இருக்காங்கம்மா. தண்ணின்னாலே நடுங்குற மனுஷன், அவர் எதுக்கு அங்க இறங்கப்போறார்?"

பல் மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள் அந்தத் தாதி. பின்னால் அவள் கணவனின் தம்பி தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

துப்பறியும் அம்மாள் நிதானமாக நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவருடைய கணவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. போட்டோ ஸ்டுடியோவை மூடிய நாளிலிருந்து மனைவியின் வழக்குகளே அவருக்கு உயிர். தெருவில் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"ஆள் கடத்தலா?" என்று ஆரம்பித்தார். அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். தாதி தொடர்ந்தாள்.

"ஜியோகேச்சிங்னு ஒரு விளையாட்டும்மா. யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை, செல்போன் காட்டுற வழியில போய்த் தேடணும். அண்ணனும் தம்பியும் இன்னைக்குத்தான் முதல் தடவையா காலையில கிளம்பினாங்க. இவர் மட்டும் திரும்பி வந்திருக்கார். அவர் போனுக்கு லைனே கிடைக்கலை."

"டப்பா எங்கேன்னு ஏதாவது குறிப்பு?"

"'ஊரின் தாகம் தீர்த்தவன் காலடியில்'னு சத்தமா வாசிச்சுக்காட்டினார்."

"ஏரிதாங்க அது" என்றான் தம்பி. "கரையில ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சோம். ஒரே சேறு. திரும்பிப் பார்த்தா அண்ணனைக் காணோம். தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல்தான் எதிரொலிச்சுது. பதிலே இல்லை."

அம்மாள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். டம்ளரைப் பிடித்த உள்ளங்கை செம்பழுப்பாக இருந்தது. வெள்ளைக் கேன்வாஸ் காலணியில் வறண்ட தூசி. அவசரமும் அதையெல்லாம் பார்த்தார். பாவம், பையன் அலைந்து களைத்திருக்கிறான் என்று மட்டும் தோன்றியது.

"ஏங்க, காரை எடுங்க. டார்ச்சும் வேணும்."

"ஏரிக்குத்தானே?"

"இல்லை. இந்த ஊர்ல இப்போ பயன்படாத தண்ணித்தொட்டி எங்க இருக்கு?"

தம்பியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"பழைய நூற்பாலைக்குப் பின்னாடி..." என்று அவசரம் முடிப்பதற்குள் அம்மாள் வாசலில் இருந்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துகொண்டே நடந்தார்.

கார் பறந்தது. பின் இருக்கையில் தம்பிக்குப் பக்கத்தில் தாதி விசும்பிக்கொண்டிருந்தாள். வழியில் அம்மாள் திரும்பாமலே பேசினார்.

"தாகம் தீர்த்தவன்னுதான் குறிப்பு சொல்லுது, தீர்ப்பவன்னு இல்லை. அவன் வேலை முடிஞ்சுபோச்சு. ஏரி இன்னைக்கும் ஊருக்குத் தண்ணி குடுக்குது. சேத்துல நடந்தேன்னு சொன்னவர் காலணியில பொட்டுச் சேறு இல்லை. கையில இரும்புத் துரு. எல்லாத்துக்கும் மேல, திறந்த வெளியில கத்தினா குரல் கரைஞ்சு போயிடும். நாலு பக்கமும் மூடின இடத்துலதான் அப்படி எதிரொலிக்கும். சொல்லுங்க தம்பி, உள்ள எப்படி விழுந்தார்?"

அவன் உடைந்து அழுதான். "டப்பா எனக்குத்தான் முதல்ல கிடைச்சுது. சின்ன வயசுலேர்ந்து எதுலயும் அவன்தான் ஜெயிப்பான். இன்னைக்குக் கொஞ்சம் அலையட்டும்னு தொட்டிக்குள்ள போட்டுட்டு, உள்ளதான் இருக்குன்னு சொன்னேன். இறங்கும்போது ஏணி பேத்துக்கிச்சு. கத்திக் கத்திப் பார்த்தேன், அசைவே இல்லை. செத்துட்டான்னு... நான்தான் கொன்னுட்டேன்னு ஓடி வந்துட்டேன்."

தாதி அவனை விட்டு நகர்ந்து கதவோரம் ஒட்டி உட்கார்ந்தாள். அவசரம் காரை இன்னும் விரட்டினார்.

நூற்பாலைக்குப் பின்னால், தொட்டியின் மேல் ஏறி விளிம்பில் கவிழ்ந்து அவசரம் டார்ச் அடித்தார். கீழே ஒரே இருட்டு. "சார்! சார்!" தன் குரலே திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. மறுபடி கூப்பிட்டார். ஒன்றுமில்லை. எழப்போனவர் மறுபடி குனிந்து காதைக் கொடுத்தார். கீழிருந்து, இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். மெலிதாக.

"இருக்கார்! உயிரோட இருக்கார்!"

தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி அவரை மேலே கொண்டுவந்தபோது ஒரு கால் முறிந்து தொங்கியது. மனைவி முகத்தைத் துடைத்துவிட, அவர் கண்கள் யாரையோ தேடின.

"தம்பி எங்க? நினைவு தப்புறதுக்கு முன்னாடி அவன் அலறினது கேட்டுச்சு. அவனும் விழுந்துட்டானா? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வேலியோரம் மண்ணில் உட்கார்ந்திருந்தவன் முகத்தை மூடிக்கொண்டான். தாதி அவன் பக்கம் திரும்பினாள்.

"கேக்கறார்ல? வந்து நீயே பதில் சொல்லு."